நூறாவது சுற்றில் எவ்வளவு மிச்சம்?



பால்வண்ணநாதரும் ஒப்பனையம்மனும் குடிகொண்ட ஊர் இது. திருக்கருவை அந்தாதிகளைப் பெற்ற ஊர். இங்கே நடக்கும் சொற்பொழிவில் தமிழும் சைவமும் பேசப்படுவதுதான் வழக்கம். மின்வேதியியல் பேச இடம் கொடுத்த அறங்காவலர்களுக்கு முதலில் என் நன்றி. நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது லித்தியம்–கந்தக பேட்டரி. அது ஏன் விரைவில் தேய்ந்துபோகிறது, அந்தத் தேய்மானத்தை நாம் எப்படி அளக்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

கந்தகம் இந்த வட்டாரத்துக்குப் புதிய சரக்கல்ல. கோவில்பட்டியிலும் சாத்தூரிலும் சிவகாசியிலும் தீக்குச்சி மருந்தில் பொட்டாசியம் குளோரேட்டோடு கந்தகம் கலக்கிறார்கள். பட்டாசில் வெடியுப்போடும் அலுமினியத் தூளோடும் சேர்க்கிறார்கள். அங்கெல்லாம் அது ஒரே முறை எரிந்து, தன் வேலையை முடித்துக்கொண்டு புகையாகப் போய்விடுகிறது. பேட்டரியில் அப்படி விட முடியாது. அதே கந்தகம் லித்தியத்தோடு சேர வேண்டும், மின்சாரம் கொடுக்க வேண்டும், சார்ஜ் ஏற்றும்போது பிரிந்து பழையபடி கந்தகமாக வேண்டும். இப்படி நூறு முறை, ஐந்நூறு முறை, ஆயிரம் முறை நடக்க வேண்டும். கந்தகத்தால் முதல் முறை மிக நன்றாகச் செய்ய முடிகிறது. பிறகுதான் சங்கடம்.

இவ்வளவு சங்கடம் இருந்தும் ஏன் விடாமல் இதைத் துரத்துகிறோம்? காரணம் எண்களில் இருக்கிறது. இன்றைய கைப்பேசி பேட்டரியின் நேர்மின்வாயில் இருக்கும் கோபால்ட், நிக்கல் ஆக்சைடுகள் ஒரு கிராமுக்கு 140 முதல் 200 மில்லி ஆம்பியர் மணி வரை மின்னூட்டம் தருகின்றன. கந்தகம் கோட்பாட்டளவில் ஒரு கிராமுக்கு 1,675 தரும். அதன் மின்னழுத்தம் குறைவு, சுமார் 2.1 வோல்ட்தான். அதைக் கழித்துப் பார்த்தாலும் லித்தியமும் கந்தகமும் சேர்ந்த இணைக்குக் கோட்பாட்டுக் கணக்கில் கிலோவுக்குச் சுமார் 2,600 வாட் மணி வருகிறது. உறை, திரவம், உலோகத் தகடு எல்லாவற்றின் எடையையும் சேர்த்தால் அது பெருமளவு குறைந்துவிடும். ஆனாலும் கிலோவுக்கு 400 வாட் மணியைத் தொட்ட செல்கள் செய்யப்பட்டிருக்கின்றன. நல்ல லித்தியம் அயனி செல் 250, 300 என்ற அளவில் நிற்கிறது.

விலையும் கந்தகத்தின் பக்கம்தான். கோபால்ட்டின் பெரும்பகுதி காங்கோ சுரங்கங்களிலிருந்து வருகிறது. கந்தகமோ நம் சுத்திகரிப்பு ஆலைகளின் வாசலிலேயே குவிகிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்–6 எரிபொருள் வந்தது. பெட்ரோலிலும் டீசலிலும் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைய வேண்டியிருந்தது. எண்ணெயிலிருந்து எடுத்த கந்தகம் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? உரத்துக்கும் கந்தக அமிலத்துக்கும் போனது போக, பேட்டரிக்கு வேண்டிய அளவு தாராளமாகக் கிடைக்கும்.

இனி செல்லுக்குள் போவோம்.

ஆய்வகத்தில் இந்தச் செல் செய்வதை ஒருமுறை பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். கந்தகம் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் மஞ்சள் கந்தகப் பொடியையும் கரித்தூளையும் சேர்த்து அரைத்து, மூடிய கலத்தில் 155 டிகிரியில் பல மணி நேரம் வைப்போம். ஏன் குறிப்பாக 155? உருகிய கந்தகம் மிகவும் நீர்த்து ஓடுவது அந்த வெப்பத்தில்தான். கரியின் நுண்துளைகளுக்குள் தானாக ஏறிக்கொள்ளும். 159 டிகிரியைத் தாண்டினால் பாகுபோல் கெட்டியாகி, துளைக்குள் நுழைய மறுக்கும். சரியாகச் செய்திருந்தால் வெளியே எடுக்கும்போது மஞ்சளே தெரியாது, முழுக்கக் கறுப்பாக இருக்கும். அதை மெல்லிய அலுமினியத் தகட்டில் பூசி, உலர்த்தி, வட்டமாக வெட்டுவோம். பிறகு ஆர்கான் வாயு நிரப்பிய பெட்டிக்குள் கையுறை வழியாகக் கை நீட்டி, லித்தியத் தகடு, பிளாஸ்டிக் பிரிப்பான், கந்தகத் தகடு மூன்றையும் அடுக்கி, சில துளி மின்பகு திரவம் விட்டு, நாணய அளவுள்ள டப்பாவில் அழுத்தி மூடுவோம்.

மாணவர்களுக்குக் காட்டுவதற்காக இதையே கண்ணாடிக் கலத்தில் செய்வதுண்டு. தொடக்கத்தில் திரவம் தண்ணீர்போல் தெளிவாக இருக்கும். மின்னிறக்கம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கந்தகத் தகட்டின் ஓரத்திலிருந்து மஞ்சளும் பழுப்பும் கலந்த சாயம் கசியத் தொடங்கும். மெல்ல மெல்லத் திரவம் முழுவதும் செம்பழுப்பாகிவிடும். இந்த பேட்டரியின் வரம் அந்த நிறத்தில்தான் இருக்கிறது, நோயும் அதில்தான் இருக்கிறது.

கந்தகம் எட்டு அணுக்கள் கைகோத்த வளையமாக இருப்பது. லித்தியம் அயனி வந்து சேரும்போது வளையம் உடைந்து நீண்ட சங்கிலியாகிறது. எட்டு, ஆறு, நான்கு கந்தக அணுக்கள் கொண்ட சங்கிலிகள் படிப்படியாக உண்டாகின்றன. இவற்றைப் பாலிசல்பைடுகள் என்கிறோம். நாம் பயன்படுத்தும் ஈதர் வகைத் திரவத்தில் இந்த நீள் சங்கிலிகள் கரைந்துவிடும், நாம் பார்த்த பழுப்பு அவைதான். இன்னும் குறுகி இரண்டு அணு, ஓர் அணு என்று வரும்போது கரையாத வெள்ளைத் திடப்பொருளாகப் படிகின்றன. கடைசி வடிவம் லித்தியம் சல்பைடு. மின்னழுத்தக் கோட்டைப் பார்த்தாலே இது தெரியும். 2.3, 2.4 வோல்ட்டில் ஒரு சிறிய படி, அதில் மொத்தக் கொள்திறனில் கால் பங்கு கிடைக்கும். பிறகு 2.1 வோல்ட்டில் நீண்ட படி, அதில் மீதி முக்கால் பங்கு.

கரைவதைத் தடுத்துவிட்டால் போதாதா என்று பள்ளி மாணவர்கூடக் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கந்தகமும் மின்சாரத்தைக் கடத்தாது, லித்தியம் சல்பைடும் கடத்தாது. நடுவில் கரைந்து திரவமாகிக் கரியின் பரப்பெங்கும் பரவுவதால்தான் உள்ளே புதைந்திருக்கும் கந்தகமும் வினைக்கு வருகிறது. கரையாவிட்டால் இந்த வழியில் வினை மந்தமாகிவிடும், கரைந்தால் கந்தகம் கைநழுவிப் போகும்.

கைநழுவுவது எப்படி என்று சங்கரன்கோவில் விசைத்தறிக்காரர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. தறியில் நாடா அக்கரைக்கும் இக்கரைக்கும் ஓடுவதுபோல், கரைந்த நீள் சங்கிலி பிரிப்பானைத் தாண்டி லித்தியத்தின் பக்கம் போகிறது. அங்கே லித்தியத்தோடு நேரடியாக வினைபுரிந்து குறுகிய சங்கிலியாகித் திரும்பி வருகிறது. சார்ஜ் ஏற்றும் மின்சாரம் அதை மறுபடி நீளமாக்குகிறது. மறுபடி அக்கரைக்குப் போகிறது. நெசவில் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஓர் இழை சேரும், இங்கே ஒவ்வோர் ஓட்டத்துக்கும் கொஞ்சம் கந்தகமும் கொஞ்சம் லித்தியமும் குறையும். இந்த நாடா ஓட்டம் மும்முரமானால் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும், முடியவே முடியாது. ஏற்றிய மின்சாரம் வெப்பமாகப் போகும். சும்மா மேசை மேல் வைத்திருக்கும் செல்லும் தானாகவே சார்ஜ் இறங்கும்.

இது நோயின் ஒரு முகம். அக்கரையில் படிந்த சல்பைடு லித்தியத்தின் மேல் ஏடுகட்டி நின்றுவிடும், திரும்பி வராது. நேர்மின்வாயிலும் கரியோடு தொடர்பற்ற மூலைகளில் படிந்தது செத்த சரக்குதான். கந்தகம் லித்தியம் சல்பைடாக மாறும்போது கன அளவு ஏறக்குறைய 80 சதவீதம் பெருகும், சார்ஜ் ஏறும்போது சுருங்கும். இந்த வீங்கலும் சுருங்கலும் தகட்டில் விரிசல் விட வைக்கின்றன. எதிர்மின்வாயில் லித்தியம் ஒவ்வொரு முறையும் சமமாகப் படியாமல் பாசிபோல, முள்போல வளர்கிறது. ஒவ்வொரு முறை புதிய பரப்பு வெளிப்படும்போதும் அது மின்பகு திரவத்தைத் தின்கிறது. திரவம் வற்றுகிறது. நடைமுறை அளவுக்குச் செய்த பல செல்களின் கதை முடிவது கந்தகம் தீர்ந்து அல்ல, திரவமும் லித்தியமும் தீர்ந்துதான்.

எவ்வளவு குறைந்தால் கவலைப்பட வேண்டும்? சார்ஜ் ஏறி இறங்கும் ஒவ்வொரு சுற்றிலும் கொள்திறனில் 99 சதவீதம் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நூறு சுற்றுக்குப் பின் மிஞ்சுவது 37 சதவீதம்கூட இல்லை. 99.9 சதவீதம் மிஞ்சினால் நூறாவது சுற்றில் 90, ஆயிரமாவது சுற்றில் மறுபடி 37. ஆயிரம் சுற்று ஓடியும் 80 சதவீதம் மிஞ்ச வேண்டுமென்றால் ஒவ்வொரு சுற்றிலும் இழப்பு பத்தாயிரத்தில் இரண்டு பங்கு அளவில் அடங்க வேண்டும். தினமும் சார்ஜ் போடும் வண்டிக்கு ஆயிரம் சுற்று என்பது மூன்று ஆண்டுகூட இல்லை.

இந்தக் கணக்கை ஒரு விமானம் நன்றாக விளக்கும். 2010 ஜூலையில் பிரிட்டனின் கினெட்டிக் நிறுவனம் செய்த செஃபிர் என்ற ஆளில்லா விமானம் அமெரிக்காவின் அரிசோனாவில் தரை இறங்காமல் 14 நாள் பறந்தது. பகலில் சூரிய மின்சாரம், இரவில் லித்தியம்–கந்தக பேட்டரி. பேட்டரியைச் செய்தது அமெரிக்காவின் சயான் பவர். உலகமே வியந்தது, வியக்க வேண்டியதுதான். ஆனால் 14 நாள் என்றால் 14 இரவு, பதினான்கு சுற்று. எடைதான் உயிர், ஆயுள் பெரிதில்லை என்ற வேலைக்குக் கந்தகம் அப்போதே தயாராக இருந்தது. அதே செஃபிரின் அடுத்த தலைமுறை 2018-இல் ஏறக்குறைய 26 நாள் பறந்தபோது அதில் இருந்தது சிலிக்கான் எதிர்மின்வாய் கொண்ட லித்தியம் அயனி பேட்டரி. பிரிட்டனில் இந்தத் தொழிலையே நம்பி வளர்ந்த ஆக்சிஸ் எனர்ஜி 2021-இல் மூடப்பட்டது. கந்தக நேர்மின்வாய்க்கு அமெரிக்காவில் 1962-லேயே காப்புரிமை வந்துவிட்டது. அறுபது ஆண்டுக்கு மேலாகியும் கடை வாசலுக்கு வராததற்குக் காரணம் இந்தத் தேய்மானம்தான்.

இடையில் நல்ல வேலை நடக்காமல் இல்லை. 2009-இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் லிண்டா நாசர் குழுவினர் சில நானோமீட்டர் அகலமே உள்ள கரித் துளைகளுக்குள் கந்தகத்தை ஏற்றி, கரைந்தாலும் வெளியேறாதபடி பிடித்து வைக்கலாம் என்று காட்டினார்கள். உலகம் முழுவதும் இந்தத் துறைக்குக் கூட்டம் சேர்ந்தது அதற்குப் பிறகுதான். திரவத்தில் சிறிதளவு லித்தியம் நைட்ரேட் சேர்த்தால் லித்தியத்தின் மேல் காப்பு ஏடு உண்டாகி நாடா ஓட்டம் தணியும் என்பதும் தெரிந்தது. இன்று ஏறக்குறைய எல்லா ஆய்வகமும் அதைச் சேர்க்கிறது. ஒரு குறை, அந்த நைட்ரேட்டும் சுற்றுக்குச் சுற்று செலவாகிக்கொண்டே இருக்கும்.

இந்தக் கதையில் நம் ஊர்ப்பக்கத்து மனிதர் ஒருவரை நிறுத்திப் பேச வேண்டும். தென் தமிழ்நாட்டின் அமராபுரம் என்ற சிற்றூரில் 1951-இல் பிறந்தவர் ஆறுமுகம் மந்திரம். மதுரைப் பல்கலைக்கழகத்தில் படித்தார். சென்னை ஐஐடியில் 1981-இல் முனைவர் பட்டம் பெற்றார். மதுரையில் ஆசிரியராக இருந்துவிட்டு, 1985-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்எனஃபிடம் போய்ச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு அவரோடு டெக்சாஸ் போனவர், அங்கேயே பேராசிரியராக நிலைத்தார். 2019-இல் குட்எனஃபுக்கு வேதியியல் நோபல் கிடைத்தபோது அவருக்கு 97 வயது. ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவர் மந்திரம். கிராமத்துப் பிள்ளைகளுக்கு இந்தச் செய்தியை நான் போகும் இடமெல்லாம் சொல்வேன், இங்கேயும் பெருமையோடு சொல்கிறேன்.

2012-இல் மந்திரமும் அவர் மாணவர் யூ–ஷெங் சூவும் செய்தது எளிமையான வேலை. கந்தகத் தகட்டுக்கும் பிரிப்பானுக்கும் நடுவே நுண்துளைக் கரித்தாள் ஒன்றை வைத்தார்கள். கரைந்து வெளியே வரும் பாலிசல்பைடை அந்தத் தாள் பிடித்துக்கொள்ளும். அதுவே மின்சாரத்தைக் கடத்துவதால், பிடிபட்ட கந்தகம் அங்கேயே வினைக்கும் வரும். நூறு சுற்றுக்குப் பின்னும் ஒரு கிராம் கந்தகத்துக்கு 1,000 மில்லி ஆம்பியர் மணிக்கு மேல் கிடைத்தது. கரைவதை அவர்கள் தடுக்கவில்லை. கரைந்ததை வீட்டு எல்லைக்குள்ளேயே வேலை வாங்கினார்கள். என் கருத்தில் இந்தத் துறையில் மிகத் தெளிவான சிந்தனை அதுதான்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் குழு 2020-இல் எழுதிய ஒரு கட்டுரை. லித்தியம்–கந்தக செல் உண்மையிலேயே பயன்பட வேண்டுமென்றால் ஐந்து எண்களைச் சொல்லியாக வேண்டும் என்று அதில் வரையறுத்தார்கள். எல்லாமே ஐந்து. தகட்டின் ஒரு சதுர சென்டிமீட்டரில் கந்தகம் 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்க வேண்டும். கரி 5 சதவீதத்துக்குக் குறைய வேண்டும். ஒரு மில்லிகிராம் கந்தகத்துக்குத் திரவம் 5 மைக்ரோ லிட்டருக்குள், ஒரு மில்லி ஆம்பியர் மணிக்கும் 5 மைக்ரோ லிட்டருக்குள். லித்தியத்தின் கொள்திறன் கந்தகத்தின் கொள்திறனைப்போல் ஐந்து மடங்குக்குள்.

இவை ஏன் தேவை? சிறு நாணயச் செல்லில் கந்தகத்தை மெல்லியதாகப் பூசி, திரவத்தைத் தாராளமாக ஊற்றி, தடித்த லித்தியத் தகட்டை வைத்தால் ஐந்நூறு சுற்றுகூட ஓட்டிக் காட்டலாம். குறைகிற லித்தியம் கையிருப்பிலிருந்து ஈடாகிக்கொண்டே இருக்கும். வற்றுகிற திரவமும் தெரியாது. வரைபடத்தில் கோடு படுத்த மாதிரி நேராகப் போகும். ஆனால் அந்தத் திரவத்தின் எடையையும் உபரி லித்தியத்தின் எடையையும் சேர்த்தால், கந்தகத்தால் கிடைத்த ஆதாயம் முழுவதும் காணாமல் போய்விடும். எடை குறைவு என்பதற்காகத்தானே கந்தகத்தைத் தேடி வந்தோம்? திரவத்தைக் குறைத்துத் தகட்டைத் தடிப்பாக்கியதும் அதே செல் சில பத்துச் சுற்றுகளில் மூச்சு வாங்குவதை எங்கள் ஆய்வகத்தில் பலமுறை பார்த்திருக்கிறோம். ஆகவே இளம் ஆய்வாளர்களிடம் நான் உரிமையோடு கேட்பது இதுதான்: முதல் சுற்றின் எண்ணைத் தலைப்பில் போடாதீர்கள். எவ்வளவு திரவம், எவ்வளவு லித்தியம், எத்தனையாவது சுற்றில் எவ்வளவு மிச்சம் என்று முதல் பத்தியிலேயே எழுதுங்கள். செய்தித்தாளில் புதிய பேட்டரிச் செய்தி படிக்கும் பொதுமக்களும் இந்தக் கேள்விகளைக் கேட்கலாம்.

நம் நாட்டில் வேலை நடக்கும் இடங்களில் முதலில் சொல்ல வேண்டியது காரைக்குடி. அங்கே ஓர் ஆய்வகம் அமைக்க வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் நாளில், டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் என்ற அந்த நிறுவனத்தில் மானுவல் ஸ்டீபன் குழுவினர் பிரிப்பானின் மேல் நுண்துளைச் சட்டகப் பொருள்களைப் பூசி, லித்தியம் அயனியை விட்டு பாலிசல்பைடை மறிக்கும் முயற்சியில் பல ஆண்டு உழைத்திருக்கிறார்கள். வடக்கே ஷிவ் நாடார் பல்கலைக்கழகத்தின் பிம்லேஷ் லோச்சப்பும் மும்பை ஐஐடியின் சாகர் மித்ராவும் சேர்ந்து முந்திரிக்கொட்டைத் தோட்டு எண்ணெயிலிருந்து வரும் கார்டனால், கிராம்பு எண்ணெயின் யூஜினால் இவற்றைக் கந்தகத்தோடு பிணைத்து நேர்மின்வாய் செய்து காட்டினார்கள். கரிமச் சங்கிலியோடு கந்தகத்தை வேதிப் பிணைப்பால் கட்டிப்போடும் வழி அது. மார்த்தாண்டம் பக்கத்து முந்திரி ஆலைகளில் கழிவாகும் தோட்டுக்கு இப்படியும் ஒரு மதிப்பு உண்டு.

கடைசியாக, நம் காற்றாலைகள். ஊத்துமலை, சுரண்டை, தேவர்குளம் என்று எங்கு பார்த்தாலும் நிற்கின்றன. வைகாசியிலிருந்து புரட்டாசி வரை செங்கோட்டைக் கணவாய்க் காற்றில் வேகமாகச் சுற்றும் அவற்றின் மின்சாரத்தைத் தேக்கி வைக்க லித்தியம்–கந்தகம் உதவுமா என்று பலர் கேட்கிறார்கள். இப்போதைக்கு உதவாது என்பதுதான் நேர்மையான பதில். தரையில் நிற்கும் பேட்டரிக்கு எடை குறைந்து ஆவதென்ன? அதற்கு வேண்டியது மலிவும் நீண்ட ஆயுளும். அந்த வேலையைக் கந்தகத்தின் இன்னொரு பேட்டரி ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. ஜப்பானின் ரொக்காஷோவில் 51 மெகாவாட் காற்றாலைப் பண்ணையோடு 34 மெகாவாட் சோடியம்–கந்தக பேட்டரி 2008-இல் இணைக்கப்பட்டது. இந்த வகைக்குச் சொல்லப்படும் ஆயுள் 4,500 சுற்று, 15 ஆண்டு. அது எப்படிச் சாத்தியமானது? நடுவே பீட்டா அலுமினா என்ற பீங்கான் சுவர் இருக்கிறது. சோடியம் அயனி மட்டும் அதைக் கடக்கும், பாலிசல்பைடு கடக்கவே முடியாது. நாடா ஓட்டத்துக்கு வழியே இல்லை. விலை என்னவென்றால், எல்லாம் சுமார் 300 டிகிரியில் உருகிய நிலையில் இருக்க வேண்டும். 2011-இல் ஜப்பானில் அப்படி ஒரு பேட்டரி தீப்பற்றியதும் உண்டு.

ஆகவே நோய் ஒன்றுதான், மருந்தும் தெரிந்திருக்கிறது. அறை வெப்பநிலையில், காகிதத்தைப்போல் மெல்லியதாக, அயனியை மட்டும் விடும் சுவர் வேண்டும். அதைச் செய்பவர் லித்தியம்–கந்தகத்தையும் சோடியம்–கந்தகத்தையும் ஒருசேர முன்னுக்குக் கொண்டுவருவார். சோடியத்துக்குத் தூத்துக்குடி உப்பளம் இருக்கிறது, கந்தகத்துக்கு மணலி சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. முன்வரிசையில் பிளஸ் டூ மாணவிகள் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். காரைக்குடி ஆய்வக வளாகத்திலேயே வேதி–மின்வேதிப் பொறியியலில் பி.டெக். படிப்பு நடந்து வருகிறது. சேர்க்கை விவரம் கேட்டு, பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் புத்தகத்தின் மின்வேதியியல் பாடத்தை இந்த விடுமுறையிலேயே இன்னொரு முறை முழுதாகப் படியுங்கள்.